கெட்டி க்ரீம் வராத வியாழக்கிழமை

பேருந்துப் பணிமனை கேன்டீனில் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். ஓட்டுநர்களுக்கு அண்ணி, நடத்துநர்களுக்கு அண்ணி, டயர் மாற்றுகிறவருக்கு அண்ணி, அவரைவிட வயதில் மூத்த, பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் அண்ணி. உண்மையில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் நான் ஒருத்திதான். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போகட்டும், அண்ணி என்ன என் பேரில் எழுதிவைத்த சொத்தா என்று விட்டுவிட்டேன்.

என்னை அங்கே குட்டி என்பார்கள். நாற்பதைத் தாண்டிவிட்டேன், இன்னும் குட்டிதான். அண்ணி அப்படிக் கூப்பிடுவதால் வந்த வினை. பரிமாறும் மேடை என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பேர். பசியோடு வரும் அத்தனை ஓட்டுநர்களை ஒரு கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டு வரிசையில் நிறுத்த முடியுமா? வாயும் வேண்டியிருக்கிறது.

அண்ணி எப்படிப்பட்டவர் என்று தெரிய, அவர் ருசி பார்ப்பதைப் பார்த்திருக்கவேண்டும். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுப்பார். ஊதமாட்டார், ஆறும்வரை காத்திருப்பார். வாயில் வைத்ததும் கண் மூடிக்கொள்ளும், தோள் இரண்டும் லேசாக மேலே போகும். அந்த நேரம் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. "அண்ணி மேல போயிருக்காங்க, இறங்கினதும் கேளு" என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள். இறங்கி வந்ததும் "உப்பு" என்பார், அல்லது "இன்னும் கொஞ்ச நேரம்" என்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு வாயிலில் நின்றவர். எங்கள் வீட்டுக்கு வந்தபோது சமையல் அப்பாவின் கையில் இருந்தது. எதைப் போட்டாலும் வேகவைத்து இறக்குவதுதான் அப்பாவுக்குத் தெரிந்த சமையல். முதல் நாள் அதைச் சாப்பிட்டுவிட்டு அண்ணி, "மாமா, நாளைக்கு நான் அடுப்புகிட்ட நிக்கட்டுமா?" என்று கேட்டார். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு யாரும் தாமதமாக வந்ததில்லை.

பணிமனை கேன்டீனுக்கு உருளைக்கிழங்கு தோல் சீவத்தான் வந்தார். அங்கிருந்த தலைமைச் சமையல்காரர் கண்டிப்பானவர், யாரையும் அடுப்புப் பக்கம் விடமாட்டார். ஒருநாள் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சூப்பை மட்டும் பார்த்துக்கொள் என்று அண்ணியிடம் கரண்டியைக் கொடுத்தார். பிறகு அவருக்கு முதுகு சரியானது, ஆனால் கரண்டி திரும்பிப் போகவில்லை. வியாழக்கிழமை என்றால் அண்ணியின் சூப் என்று ஆகிவிட்டது. வேறு தடத்தில் ஓடும் ஓட்டுநர்கள்கூட அன்றைக்கு எங்கள் பணிமனையில் வண்டியை நிறுத்துகிற மாதிரி வேலைமுறையை மாற்றிக் கேட்டு வாங்கினார்கள்.

காளானும் உருளைக்கிழங்கும் போட்ட சூப். வெங்காயத்தை வெண்ணெயில் நிதானமாக வதக்கி, காளானைத் தண்ணீர் வற்றும்வரை புரட்டி, கிழங்கைக் குழையவிட்டு, கடைசியில் புளிக்கவைத்த க்ரீமைச் சேர்த்து, இரண்டு சொட்டு எலுமிச்சை விடுவார். டப்பாவின்மேல் 'க்ரெம் ஃப்ரெஷ்' என்று ஒரு பேர் அச்சடித்திருக்கும். அது எங்கள் யார் வாயிலும் நுழையாது. கெட்டி க்ரீம் என்போம். பால் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் புளிப்பு க்ரீம் வேறு, இது வேறு. இரண்டும் க்ரீமைத் தயிர் மாதிரி உறையவைத்துச் செய்வதுதான். ஆனால் கெட்டி க்ரீமில் கொழுப்பு அதிகம், கொதிக்கிற சூப்பில் அப்படியே கொட்டினாலும் பேசாமல் கரைந்துவிடும். புளிப்பு க்ரீமில் கொழுப்பு குறைவு, புளிப்பு தூக்கல். சூடு தாங்காது. கொதியில் விழுந்தால் திரிந்து, திப்பி திப்பியாக மிதக்கும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அண்ணி சொல்லித்தான்.

அப்படிப்பட்ட அண்ணிக்கு அந்த வருடக் குளிரில் ஒரு காய்ச்சல் வந்தது. படுத்து எழுந்தார், வேலைக்கு வந்தார், எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஒருநாள் நான் வீட்டுப் படியேறும்போதே கருகல் வாடை மூக்கைத் துளைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பில் வெங்காயம் கரியாகிப் புகைகிறது. அதற்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அண்ணி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். நான் அடுப்பை அணைத்ததும் திரும்பிப் பார்த்தார். சட்டென்று சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். "கொஞ்சம் தூக்கலா வதங்கிடுச்சு" என்றார். நான் அந்தக் கரித்துண்டு அவர் வாயில் நொறுங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மூக்கும் போய்விட்டது, நாக்கும் போய்விட்டது. இனி எப்படி இவர் சமைப்பார்? கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. தெரிந்தது என்று காட்டிக்கொண்டால் உடைந்துபோவாரோ என்று பயம். நாமாகவே கவனமாகப் பார்த்துக்கொள்வோம், காதும் காதும் வைத்த மாதிரி இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

அது போதாதென்று அதே சமயத்தில் தலைமைச் சமையல்காரர் வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அண்ணி தற்காலிகமாக அவர் இடத்தைப் பார்த்தார். அதை நிரந்தரமாக்குவதா, வெளியிலிருந்து ஆள் எடுப்பதா என்று முடிவு செய்ய மேலிடத்திலிருந்து ஒரு அம்மா வருவதாகச் சொன்னார்கள். பெரிய மேடம் என்று நாங்கள் சொல்வோம். அவர் ஒரு வியாழக்கிழமை வந்து, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்வாராம். வெளியாள் வந்தால் அண்ணி மறுபடி தோல் சீவும் மூலைக்குத்தான் போகவேண்டும். வேறு யாருக்காவது அது வெறும் இடமாற்றமாக இருக்கும். அண்ணியை அடுப்பை விட்டு நகர்த்துவது எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவர் எப்படிச் சமாளித்தார் என்பதைச் சொல்கிறேன். நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம். அளவெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம், அதில் தவறே வராது. கடைசித் திருத்தத்துக்குத்தான் நாக்கு வேண்டும். அதற்கு அடுத்தவர் முகத்தை வைத்துக்கொண்டார். போகிற வருகிற யாரையாவது பிடித்து, "இந்தா, வாயைத் திற" என்று ஒரு கரண்டி ஊற்றுவார். எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார். புருவத்தைப் பார்ப்பார், கன்னத்தைப் பார்ப்பார், விழுங்கியதும் உதட்டை நக்குகிறார்களா என்று பார்ப்பார். அதை வைத்துக்கொண்டே உப்பைக் கூட்டினார், குறைத்தார். ஓட்டுநர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணிக்குத் திடீரென்று நம்மேல் பாசம் பொங்குகிறது, ஊட்டிவிடுகிறார் என்று சந்தோஷப்பட்டார்கள், அசடுகள்.

காய் நறுக்குகிறவரிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. அவரை வெங்காயம் என்போம். கோபித்துக்கொள்ளமாட்டார், அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார். விடிந்ததிலிருந்து நறுக்கி நறுக்கி எந்நேரமும் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும். அவர் வாயில் சூப்பை ஊற்றிவிட்டு அண்ணி முகத்தைப் பார்த்தால், மனுஷன் அழுதுகொண்டு நிற்பார். நன்றாக இருந்து அழுகிறாரா, நன்றாக இல்லாமல் அழுகிறாரா என்று எந்த மகராசிக்குத் தெரியும்?

அந்த வியாழக்கிழமை வந்தது. காலையில் பால் வண்டிக்காரர் டப்பாக்களை இறக்கிவைத்தார். எல்லாம் புளிப்பு க்ரீம்.

"கெட்டி க்ரீம் எங்கே?" என்றேன்.

"வரலைக்கா. அங்க ஏதோ மெஷின் ரிப்பேராம். இதுவும் க்ரீம்தானே, போட்டுக்குங்க."

"இதுவும் க்ரீம்தானேவா? உங்க வண்டிக்கு டீசல் வரலைன்னா மண்ணெண்ணெய் ஊத்தி ஓட்டுவீங்களா? இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உங்களுக்கு?"

"வியாழக்கிழமை" என்றார் அவர். வந்ததே எனக்குக் கோபம். நல்லவேளை, அண்ணி வந்து என் தோளில் கைவைத்தார்.

"விடு குட்டி. அவர் என்ன பண்ணுவாரு. இதையே வெச்சுச் செய்யலாம்."

"அண்ணி, இது திரிஞ்சு போகுமே."

"கொதிக்கவிட்டாத்தானே திரியும். நீ போய் மேஜையைத் துடை."

நான் மேஜையைத் துடைக்கப் போனேன். துடைத்தேனோ தேய்த்தேனோ, கண்ணெல்லாம் அடுப்புமேல்தான். அண்ணி சூப்பை இறக்கிவைத்துக் கொதி அடங்கும்வரை காத்திருந்தார். ஒரு கிண்ணத்தில் புளிப்பு க்ரீமைப் போட்டு, சூடான சூப்பில் ஒரு கரண்டி எடுத்து அதில் விட்டுக் கலக்கினார். இன்னொரு கரண்டி. இன்னொன்று. க்ரீமுக்குச் சூடு பழகிய பிறகு அதை மெல்லப் பானையில் ஊற்றிக் கிளறினார். ஒரு திப்பிகூட இல்லை. எலுமிச்சையை எடுத்தவர் யோசித்துத் திரும்ப வைத்துவிட்டார். பிறகு பானையைப் பரிமாறும் மேடையில் இருக்கும் சுடுதண்ணீர்த் தொட்டியில் வைத்தார். அதில் வைத்தால் சூடு இருக்கும், கொதிக்காது. வைத்துவிட்டு, முகம் கழுவி நல்ல ஏப்ரன் மாட்டிக்கொள்ளப் பின்பக்கம் போனார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குள் ஒரே கணக்கு ஓடியது. இந்தக் க்ரீமில் கொழுப்பு குறைவு. அண்ணிக்கு நாக்கு கிடையாது. சூப் சப்பென்று தண்ணியாக இருந்தால்கூட அவருக்குத் தெரியாது. பெரிய மேடம் வந்துவிடுவார். குளிர்பெட்டியிலிருந்து ஒரு பெரிய கட்டி வெண்ணெயை எடுத்தேன், பானையில் போட்டேன், அது கரைந்து மறையும்வரை கிளறினேன். அண்ணியைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு தட்டு அடுக்கப் போனேன். அவர் நல்லதுக்குத்தான் செய்தேன், இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

பெரிய மேடம் வந்தார். ஒல்லியான, அமைதியான பெண்மணி. கையைக் கழுவிக்கொண்டு தானே ஒரு தட்டை எடுத்து வரிசையில் நின்றார். அவர் பக்கத்தில் எங்கள் கேன்டீன் மேற்பார்வையாளர். ஆளை நாங்கள் கடிகாரம் என்போம், நேரம் தவறினால் பேசுகிறவர், மற்றபடி வாயே திறக்காதவர். அவருக்கு மட்டும் அண்ணியின் விஷயம் தெரியக்கூடாது என்று நான் இத்தனை நாளும் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தேன். வரிசையில் என் அண்ணனும் நின்றான், காலைப் பேருந்தை ஓட்டி முடித்து, சட்டையெல்லாம் டீசலோடு.

மேடத்தின் கிண்ணத்துக்கு நான் கரண்டியை விட்டேன். கரண்டி உள்ளே போக மறுத்தது. அழுத்தி எடுத்தால், சூப் வரவில்லை, களி வருகிறது. மேலே எண்ணெய் மினுமினுக்கிறது. கவிழ்த்தால் விழமாட்டேன் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. தட்டினேன். கிண்ணத்தில் பொத்தென்று விழுந்தது. மேடம் ஸ்பூனை அதில் நிறுத்திப் பார்த்தார், அது நின்றது. ஒரு வாய் எடுத்து வைத்தார். அவர் புருவம் போன உயரத்தை அண்ணி பார்க்காமல் இருக்கவேண்டும் என்று நினைத்துத் திரும்பினேன். அண்ணி எனக்குப் பின்னால்தான் நின்றார், வெள்ளை ஏப்ரனோடு.

என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். பானையில் விட்டுத் தூக்கினார், சரித்தார், அது விழுகிற விழுகையைப் பார்த்தார். அவருக்கு நாக்கு எதற்கு, அதுவே போதுமாக இருந்தது.

"இது நான் வெச்சிட்டுப் போன சூப் இல்ல. யார் கை வெச்சது?"

நான் சொன்னேன், "கொஞ்சம் வெண்ணெய் போட்டேன் அண்ணி. க்ரீம் மெலிசா இருந்துச்சேன்னு."

"வெண்ணெய் போட்டா எண்ணெய் மிதக்கும். இப்படிக் கட்டியாகாது. வேற யாரு?"

வெங்காயம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கண்ணில் நீர் வழக்கம்போல. "நான்தான். தொட்டியில தண்ணி கொதிச்சுட்டா சூப் திரிஞ்சிரும்னு பயமா இருந்துச்சு. மாவு சேர்ந்தா திரியாதுன்னு கரைச்சு ஊத்தினேன். ஒரு கிண்ணம்."

"ஒரு கிண்ணம் மாவா? பச்சை மாவு?"

"பெரிய பானையாச்சேன்னு..."

மேடம் இன்னொரு வாய் எடுத்து யோசனையோடு மென்றார். "இனிப்பாவும் இருக்கே" என்றார்.

நானும் வெங்காயமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது கடிகாரம் தொண்டையைச் செருமினார். "சர்க்கரை நான்தாங்க. புளிப்பு க்ரீம் வந்ததா கேள்விப்பட்டேன். புளிப்பு அதிகமா இருக்குமே, அதான் ரெண்டு கை போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்களா? உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒருநாள் அண்ணிக்கு டீ போட்டுக் குடுத்தேன். சர்க்கரைன்னு நினைச்சு உப்பைப் போட்டுட்டேன். முழுசாக் குடிச்சுட்டு, நல்லா இருக்கு, தேங்க்ஸ்னாங்க. அன்னிக்கே தெரியும்."

வெங்காயமும் சொன்னார், "எனக்கும் தெரியும். என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒண்ணும் புரியாம, பாவம், இன்னொரு கரண்டி ஊத்துவாங்க. நானும் குடிச்சிட்டே இருப்பேன்."

வரிசையில் நின்ற என் அண்ணன் மெதுவாக, "டீசல் நாத்தத்தோட வீட்டுக்குள்ள வந்தா திட்டுவா. இப்ப திட்டறதே இல்ல" என்றான். நான் அவனை முறைத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும்தான் அவனிடம் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

ஆக, நான் ஒருத்தி மட்டும் மூடிக் காப்பதாக நினைத்த ரகசியத்தை ஆளாளுக்குத் தனித்தனியாக மூடிக் காத்துவந்திருக்கிறோம். ஒருவருக்கும் மற்றவர் விஷயம் தெரியாது. ஒருவர் திருத்தியிருந்தால் சூப் பிழைத்திருக்கும். மூன்று பேரும் திருத்திக் கொன்றுவிட்டோம்.

அண்ணி கரண்டியைப் பானைமேல் வைத்தார். முகம் வெளுத்திருந்தது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"போடறதுக்கு முன்னாடி ருசி பாத்தீங்களா?" என்றார்.

மூன்று பேரும் பானையையே பார்த்தோம்.

"குட்டி, நீ?"

"இல்ல அண்ணி."

வெங்காயம் இல்லை என்று தலையை ஆட்டினார். கடிகாரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் பின்பக்கம் போகும்போது பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு ஒரு கரண்டி குடுத்துட்டுத்தான் போனேன். உதட்டை நக்கிட்டு இன்னொரு கரண்டி கேட்டாங்க. சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் நாக்கு இல்ல. உங்களுக்கு இருக்குல்ல? ஒரு சொட்டு எடுத்து நாக்குல வெச்சுப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஒரே ஒரு தடவை அது திரும்பக் கிடைச்சா, நான் எல்லாத்தையும் நக்கிப் பாப்பேன், சுவரைக்கூட விடமாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"அதை விடுங்க. இத்தனை நாளா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒருத்தராவது, என்னம்மா ஆச்சு, எப்படி இருக்குன்னு கேட்டீங்களா? நான் தெனம் உங்களோட உக்காந்து தவிட்டைத் திங்கற மாதிரி தின்னுட்டு, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு நடிச்சிட்டு இருந்தேன்."

எனக்கு அவர்மேல் எவ்வளவு பாசமோ அவ்வளவும் அந்த வெண்ணெய்க் கட்டியில் போய்விட்டது, வாயில் ஒன்றும் வரவில்லை. இத்தனை நீள வாய் இருந்து என்ன பிரயோஜனம்?

அண்ணி ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடத்தின் பக்கம் திரும்பினார். "மேடம், காய்ச்சலுக்கப்புறம் எனக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்றாரு. நீங்க சாப்பிட்டது என் சூப் இல்ல. ரெண்டாவது ஷிப்டுக்குக் க்ரீம் சேர்க்காம ஒரு பானை தனியா வெச்சிருக்கேன். கொஞ்சம் பொறுத்தீங்கன்னா, அதைச் சாப்பிட்டுட்டு என்ன முடிவு வேணும்னாலும் சொல்லுங்க."

மேடம் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அடுப்படிக்கே வந்து சுவரோரமாக நின்றார்.

அண்ணி இரண்டாவது பானையைச் சூடாக்கி இறக்கினார். புளிப்பு க்ரீமைக் கிண்ணத்தில் போட்டு, கரண்டி கரண்டியாகச் சூடு காட்டிக் கலந்தார். இந்த முறை எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லு" என்றார். வெங்காயம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, உப்பு ஒரு சிட்டிகை குறைவு என்றார். போட்டார். கடிகாரம் ரொம்ப நேரம் யோசித்து, காளான் வாசனை கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்றார். அண்ணி மிளகைத் தூளாக்கித் தூவினார். சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கடிகாரம் அவசரமாகச் சொன்னார். என்னிடம் கொழுப்பு போதுமா என்று கேட்டார். போதவில்லை என்றேன். ஒரு சின்னத் துண்டு வெண்ணெயை என் கையிலேயே கொடுத்துப் போடச் சொன்னார். விரல் நகத்தளவு. அதற்குமேல் கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

மேடம் நின்றபடியே ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார். ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்தும் சாப்பிட்டார். பிறகு கேட்டார், "அது கெட்டதைப் பாத்ததுமே யாரையும் கேக்காம இந்தப் பானையைக் குடுத்துட்டு, நாக்கு விஷயத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாமே. எதுக்குச் சொன்னீங்க?"

"சொல்லலைன்னா இவங்க மூணு பேரும் தெனமும் கை வெப்பாங்க மேடம்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் முகத்தை நேராக்கிக்கொண்டு சொன்னார். ஆறு மாதம் பார்ப்பதாக. அண்ணிதான் தலைமை, ஆனால் வைக்கிற ஒவ்வொன்றையும் இரண்டு பேர் ருசி பார்த்து வாய்விட்டுச் சொல்லவேண்டும், சொல்வதோடு சரி, பானையில் கைவைக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து சாப்பிடுவாராம். நிரந்தரம் என்று சொல்லவில்லை. கேட்டதும் எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது, ஆனால் அண்ணி தலையை ஆட்டிவிட்டார். அடுப்பு கையில் இருக்கிறது, அவருக்கு அது போதும்.

மதியக் கூட்டம் கலைந்தது. கெட்டுப்போன பானையைச் சுரண்டிக் கழுவும் தண்டனை வெங்காயத்துக்கும் கடிகாரத்துக்கும். இரண்டு பேரும் தொட்டியடியில், நீ போட்ட மாவுதான் ஒட்டுகிறது, நீ போட்ட சர்க்கரைதான் பிடிக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி மூலை மேஜையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். நடுவில் ஒரு கிண்ணம் சூப், ஒரே ஒரு ஸ்பூன். அதை என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிட்டுச் சொல்லு."

ஒரு வாய் சாப்பிட்டேன். "நல்லா இருக்கு அண்ணி."

"அதைத்தான் இத்தனை நாளா எல்லார் வாயிலயும் கேட்டுட்டு இருக்கேனே. எப்படி இருக்குன்னு சொல்லு. எனக்குத் தெரியணும்."

நான் மறுபடி எடுத்தேன். இந்த முறை ஆறும்வரை காத்திருந்தேன். இத்தனை வருஷம் இந்தச் சூப்பை ஊற்றியிருக்கிறேன், குடித்திருக்கிறேன், ஒருநாளாவது இப்படி வாயில் வைத்துக்கொண்டு யோசித்ததில்லை. "கிழங்கு முதல்ல வருது. மெத்துனு. அப்புறம் காளான்... மழை பெஞ்ச மண்ணு மாதிரி. வெங்காயம் இருக்கறதே தெரியல, ஆனா ஒரு இனிப்பு இருக்கு, அது வெங்காயமாத்தான் இருக்கணும்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். "புளிப்பு?"

"இருக்கு."

"எங்க வருது? முன்னாடியா, பின்னாடியா?"

இன்னொரு வாய் எடுத்தேன். கண்ணை நானும் மூடிக்கொண்டேன். "முன்னாடி அண்ணி. ஸ்பூன் உள்ள போனதும் நாக்கு நுனியிலேயே வந்துடுது."

"ஆமா, இந்தக் க்ரீம் அப்படித்தான்." தன் தொண்டையில் விரலை வைத்துக் காட்டினார். "கெட்டி க்ரீம்னா முழுங்கினப்புறம்தான் வரும். இங்க."

விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கியது, துடைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அண்ணி தலையை அசைத்தார்.

"பேச்சை விடு" என்றார். "இன்னொரு வாய் சாப்பிடு. மெதுவா சொல்லு."